பழைய கேமிங் கணினிக்குப் புதுப் போர்டு தேவையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதிலிருந்து, ஐந்தாறு வருடப் பழைய கேமிங் கணினியைக் கடைக்குத் தூக்கிப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: "பழசாயிடுச்சு சார், போர்டு, பிராசசர், ராம் மூணையும் மாத்திடுங்க." (போர்டு என்றால் எல்லாப் பாகங்களும் செருகப்படும் மதர்போர்டு.) மூன்றையும் மாற்றியே தீர வேண்டிய கணினிகள் இருக்கின்றன. ஆனால் 2017 முதல் 2021 வரை விற்ற, ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் பிராசசர் உள்ள கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு அது தேவையில்லை. பிராசசர் ஒன்றை மாற்றினால் போதும். 2025-இன் பிற்பகுதியிலிருந்து ராம் விலை ஏறிக்கொண்டே போன நிலையில், நன்றாக ஓடும் டிடிஆர்4 ராமைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுத்த தலைமுறை டிடிஆர்5 வாங்கச் சொல்வது வாடிக்கையாளருக்குப் பெரிய நஷ்டம்.

ஏஎம்டி நிறுவனம் 2017 மார்ச்சில் முதல் ரைசனை ஏஎம்4 சாக்கெட்டில் (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) கொண்டுவந்தது. 2000, 3000, 5000 வரிசைகளும் அதே சாக்கெட்டில் வந்தன. 2024 ஜனவரியில் வந்த 5700எக்ஸ்3டி வரைக்கும் அதேதான். எனவே ரைசன் 5 1600, 2600, ரைசன் 3 1200, 2200ஜி வைத்திருப்பவர்கள், போர்டையும் ராமையும் அப்படியே விட்டுவிட்டு 5000 வரிசைக்குத் தாவலாம். 1000 வரிசை விண்டோஸ் 11-இன் அனுமதிப் பட்டியலில் இல்லை, 5000 வரிசை இருக்கிறது. ஆகவே விண்டோஸ் பிரச்சினையும் அதே மாற்றத்தில் தீர்ந்துவிடும்.

பணத்தை எடுக்கும் முன் பிராசசர்தான் குற்றவாளியா என்று பார்த்துவிட வேண்டும். வழக்கமாகத் திணறும் விளையாட்டைத் திறந்து, மற்ற அமைப்புகளைத் தொடாமல் ரெசல்யூஷனை மட்டும் 1080-இலிருந்து 720-க்கு இறக்குங்கள். நொடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது என்ற ஃபிரேம் எண்ணிக்கை சட்டென்று கூடினால் திணறுவது கிராபிக்ஸ் கார்டு. பிராசசர் மாற்றி ஒரு பயனும் இல்லை. எண்ணிக்கை அசையாமல் நின்றால் பிராசசர் பக்கம்தான் சந்தேகம். (சோதிக்கும்போது வி-சிங்க் அணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60-இலேயே பிடித்து வைத்துவிடும்.) டாஸ்க் மேனேஜரில் பிராசசர் 40 சதவீதம்தான் காட்டுகிறது, அதனால் பிராசசரில் குறையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை) உள்ள பிராசசரில் விளையாட்டின் முக்கியமான ஒரு திரெட் முழுதாக மூச்சு முட்டி நின்றாலும் மொத்தக் கணக்கில் அது தெரியாது. பார்க்க வேண்டியது கிராபிக்ஸ் கார்டின் உபயோகத்தை. அது 95 சதவீதத்துக்கு மேல் நிலையாக நின்றால் பிராசசர் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. 60, 70 என்று தொங்கினால் கார்டு வேலையில்லாமல் காத்துக் கிடக்கிறது.

ராமையும் பார்த்துவிடுங்கள், இதற்குச் செலவே இல்லை. டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் வேகமும் எத்தனை ஸ்லாட்டில் ராம் இருக்கிறது என்பதும் வரும். 3200 என்று எழுதி விற்ற ராம் அங்கே 2133 அல்லது 2400-இல் ஓடிக்கொண்டிருந்தால், அசெம்பிள் செய்தவர் பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பைப் போடவில்லை என்று பொருள். ரைசனில் உள் இணைப்பின் வேகம் ராமின் வேகத்தோடு சேர்ந்தே ஓடுவதால், இந்த விடுபடல் இன்டெல் கணினியைவிட இங்கே அதிகம் உறைக்கும். ஒரே ஒரு 8 ஜிபி குச்சியோடு ஓடும் கணினி என்றால் முதல் செலவு பிராசசர் அல்ல, இன்னொரு 8 ஜிபி குச்சி. நாலு ஸ்லாட் உள்ள போர்டில், பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் போட வேண்டும். தூசி அடைத்த கூலரும் காய்ந்துபோன தெர்மல் பேஸ்டும்கூட நல்ல பிராசசரை மந்தமாக்கும். நம் ஊர்க் கோடையில் கேட்கவே வேண்டாம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் திணறினால் எதை வாங்குவது? பெரும்பாலானோருக்கு ரைசன் 5 5600. ஆறு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), 12 திரெட், 32 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்). பெயரளவில் 65 வாட், சாக்கெட்டில் அதிகபட்சம் இழுப்பது 76 வாட். பெட்டியிலேயே கூலரும் வரும். 2600-க்கும் ஆறு கோர்தானே, என்ன லாபம் என்று கேட்பவர்கள் உண்டு. கோர் எண்ணிக்கை ஒன்றுதான். ஆனால் 2600-இல் கேஷ் 8 எம்பி வீதம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. 5600-இல் ஆறு கோரும் 32 எம்பியையும் ஒன்றாகப் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொரு கோரும் ஒரு சுற்றில் செய்யும் வேலையும் கூடியிருக்கிறது. விளையாட்டுக்கு வேண்டியது இவை இரண்டும்தான்.

எண் நெருக்கமாக இருப்பதால் ஏமாறுவது இந்த வரிசையில் சுலபம். 5500-உம் 5600ஜி-யும் 5600-இன் தம்பிகள் போலத் தோன்றும். இரண்டும் மடிக்கணினிக்கான வேறு வடிவமைப்பிலிருந்து வந்தவை. கேஷ் பாதிதான், 16 எம்பி. எக்ஸ் இல்லாத வெறும் 5700-உம் அதே இனம். 5700எக்ஸ் வேறு, அதில் 32 எம்பி முழுசாக உண்டு. இந்த 16 எம்பி பிராசசர்களில் கிராபிக்ஸ் கார்டை இணைக்கும் பிசிஐஇ வழியின் பழைய பதிப்பான 3.0 மட்டுமே இருப்பதைப் பலர் பெரிய குறையாகச் சொல்வார்கள். பி450 வகை ஏஎம்4 போர்டில் எப்படியும் 3.0-தான், அதனால் அங்கே அது பொருட்டல்ல. கேஷ் பாதியாவதுதான் விளையாட்டில் உறைக்கும். 5500-க்கும் 5600-க்கும் விலை வித்தியாசம் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு என்றால் யோசிக்காமல் 5600. அதே சமயம், கிராபிக்ஸ் கார்டே இல்லாமல் 2200ஜி, 3400ஜி-யை நம்பி ஓட்டுபவர்கள் 5600 வாங்கினால் திரையில் ஒன்றும் வராது, ஏனென்றால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. அவர்களுக்கு 5600ஜி-தான்.

வீடியோ எடிட்டிங், ஒளிபரப்பு என்று விளையாட்டோடு வேறு வேலையும் இருந்தால் எட்டு கோர் 5700எக்ஸ் சரி. வெறும் விளையாட்டுக்கு அந்த இரண்டு கோரால் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் காட்டுவது 5700எக்ஸ்3டி-யும் 5800எக்ஸ்3டி-யும்: பிராசசரின் மேல் கூடுதல் கேஷை அடுக்கி 96 எம்பி ஆக்கியிருக்கிறார்கள். ஆர்டிஎக்ஸ் 4070 மாதிரி வலுவான கார்டு வைத்து, அதிக ஹெர்ட்ஸ் மானிட்டரில் விளையாடுபவருக்கு அது தகும். ஜிடிஎக்ஸ் 1660, ஆர்எக்ஸ் 580 வைத்திருப்பவருக்குத் தகாது. கார்டுதான் முதலில் கை விரிக்கும். இந்த எக்ஸ்3டி பிராசசர்கள் புதிதாகக் கிடைப்பதும் அரிதாகி வருகிறது. 5600-இன் விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கேட்டால் விட்டுவிட்டு, மிச்சத்தைக் கார்டில் போடலாம். 5700எக்ஸ், எக்ஸ்3டி இவற்றின் பெட்டியில் கூலர் வராது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அதிகம் கெட்டுப்போகிற இடம் பயாஸ். பழைய பயாஸுக்கு 5000 வரிசை என்றால் என்னவென்றே தெரியாது. பிராசசரை மாற்றிய பிறகு கறுப்புத் திரையைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் "போர்டு போச்சு" என்று சொல்வதில் பாதி இந்த வகைதான். ஆகவே பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸை ஏற்றிவிட வேண்டும். விண்டோஸில் எம்எஸ்இன்ஃபோ32 என்று தட்டினால் போர்டின் பெயரும் பயாஸ் பதிப்பும் வரும். ஒரே பெயரில் ரிவிஷன் 1.0, 2.0 என்று இரண்டு போர்டுகள் இருக்கலாம், ரிவிஷன் எண் போர்டின் ஓரத்திலேயே அச்சாகியிருக்கும். போர்டு நிறுவனத்தின் தளத்தில் பிராசசர் ஆதரவுப் பட்டியலைப் பார்த்து, நீங்கள் வாங்கப்போகும் எண் இருக்கிறதா, எந்தப் பயாஸிலிருந்து என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏ320, பி350, எக்ஸ்370 போர்டுகளுக்கும் 5000 வரிசை செல்லும் என்று ஏஎம்டி 2022-இல் அனுமதித்தது. ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே: போர்டு நிறுவனம் அந்த மாடலுக்குப் பயாஸ் வெளியிட்டிருந்தால்தான் உண்டு. பட்டியலில் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

பென்டிரைவ் ஃபேட்32-இல் இருக்க வேண்டும். சில போர்டுகளில் நேராகக் கடைசிப் பதிப்புக்குப் போக முடியாது, இடையில் ஒரு பதிப்பை ஏற்றிவிட்டுத்தான் போக வேண்டும். தரவிறக்கப் பக்கத்தின் குறிப்பிலேயே அது எழுதியிருக்கும். ஏற்றும் நேரத்தில் மின்சாரம் போனால் போர்டு உயிர் விடும், ஆகவே யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். பயாஸ் சிப்பில் இடம் போதாமல், புதிய பதிப்புகளில் மிகப் பழைய பிராசசர்களின் ஆதரவைச் சில நிறுவனங்கள் நீக்கியிருக்கின்றன. ரைசனுக்கு முந்தைய ஏ-சீரிஸ் பிராசசரோடு ஏஎம்4 போர்டு வாங்கியவர்கள், ஏற்றியபின் பழையது ஓடாமல் போகலாம் என்பதால், புதுப் பிராசசரைக் கையில் வைத்துக்கொண்டுதான் பயாஸை ஏற்ற வேண்டும்.

பயாஸ் ஏறியதும் எல்லா அமைப்பும் தொடக்க நிலைக்குத் திரும்பும். எக்ஸ்எம்பி மறுபடி அணைந்திருக்கும். டிஸ்க்கைப் பழைய எம்பிஆர் முறையில் பிரித்து விண்டோஸ் போட்ட கணினி பூட் ஆகாமல் முரண்டு பிடிக்கும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். பயாஸில் பழைய பூட் முறைக்கு இடம் தரும் சிஎஸ்எம் அமைப்பைப் போட்டால் பழையபடி வந்துவிடும். பிறகு விண்டோஸோடு வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் டிஸ்க்கைப் புதிய ஜிபிடி முறைக்கு மாற்றி, சிஎஸ்எம்மை அணைத்துவிடலாம். வாலரண்ட் என்ற ஆன்லைன் விளையாட்டை விளையாடுபவர்களுக்கு இது கட்டாயம்: விண்டோஸ் 11-இல் டிபிஎம் (சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் எழ விடும் அமைப்பு) இரண்டும் இல்லாமல் அது திறக்காது.

டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் விஷயத்தில்தான் தரவையே இழக்கிறார்கள். ரைசனில் டிபிஎம் என்பது பிராசசருக்குள்ளேயே இருப்பது. பிராசசர் மாறியதும், பழைய டிபிஎம் பதிவை அழிக்கவா என்று ஒரு திரை கேட்கும். ஒய் (Y) அழுத்தினால் அழிந்துவிடும். டிஸ்க் பூட்டியிருந்து மீட்புச் சாவியும் கையில் இல்லையென்றால் உள்ளே இருப்பது போனது போனதுதான். பிராசசரைக் கழற்றும் முன்பே பிட்லாக்கரை அணைத்துவிடுங்கள், அல்லது சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். தெரியாமல் அந்தத் திரையில் வந்து நின்றுவிட்டால் 'என்' (N) எழுத்தை அழுத்துங்கள். பழைய பிராசசரைத் திரும்பப் போட்டுத் தரவை எடுத்துக்கொள்ளலாம்.

கழற்றும்போது இன்னொரு ஆபத்து. ஏஎம்4-இல் 1331 ஊசிக் கால்களும் பிராசசரின் அடியில்தான் இருக்கின்றன. பேஸ்ட் காய்ந்து ஒட்டிக்கிடந்தால், கூலரை நேராக மேலே இழுக்கும்போது லீவர் பூட்டியிருந்தாலும் பிராசசரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும், கால்கள் வளையும். பத்து நிமிடம் விளையாட்டை ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, மின் வயரையும் பிடுங்கியபின், கூலரை இடமும் வலமுமாக லேசாகத் திருகிக் கழற்றினால் இந்தத் தொல்லை வராது. திருகுகளைக் கழற்றும்போது போர்டின் பின்பக்கத் தகடு கழன்று விழும், ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். புதியதை வைக்கும்போது முக்கோணக் குறிகள் இரண்டும் ஒரே மூலையில் வர வேண்டும். தானாக இறங்கும், அழுத்தவே கூடாது. பிராசசர் பெட்டியோடு வரும் புதுக் கூலரின் அடியில் பேஸ்ட் பூசியே வரும், மேலே இன்னும் பூச வேண்டியதில்லை.

இன்டெல்காரர்களுக்கு இந்த வசதி இல்லை. 6, 7-ஆம் தலைமுறை போர்டுகளும் 8, 9-ஆம் தலைமுறை போர்டுகளும் ஒரே எல்ஜிஏ1151 பெயரைத் தாங்கினாலும் ஒன்றில் மற்றது ஓடாது. அந்தப் பழைய சாக்கெட்டுக்காகச் செகண்ட் ஹேண்ட் ஐ7-ஐத் தேடி அதிக விலை கொடுப்பதைவிட, டிடிஆர்4 ஏற்கும் எச்610 போர்டும் ஐ5-12400எஃப்-உம் வாங்கிப் பழைய ராமை அதில் போடுவது லாபம். அதே எச்610 டிடிஆர்5-க்கும் வருகிறது, பெட்டியைப் படித்து வாங்க வேண்டும். 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 பழசாக மலிவு விலையில் வந்தால் தள்ளியே நில்லுங்கள். மின்னழுத்தக் கோளாறால் அவற்றில் பல நிலைகுலைந்து, இன்டெல்லே 2024-இல் உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டிக்க வேண்டியதாயிற்று.

தங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. "ஐ7 கேமிங் பிசி, 16 ஜிபி ராம்" என்று வரிவிளம்பரங்கள் வருகின்றன. 2013-இல் வந்த ஐ7-4770-உம் ஐ7தான். 2022-இல் வந்த ஐ3-12100 அதை எளிதாகத் தோற்கடிக்கும். மருந்துக் கடை ரசீதில் மருந்தின் பெயரும் பேட்ச் எண்ணும் வருகின்றன. 18 சதவீத ஜிஎஸ்டி வாங்கும் கணினிக் கடையின் ரசீதிலோ "பிராசசர் - 1" என்று மட்டும் இருக்கிறது. பிராசசர், போர்டு, கிராபிக்ஸ் கார்டு மூன்றின் முழு மாடல் எண்ணும் இல்லாத கணினி விளம்பரங்களைத் தங்கள் விளம்பரப் பிரிவு ஏற்காமல் இருக்கலாம். வாசகர்களும் விலை கேட்கும் முன் அந்த மூன்று எண்களைக் கேட்டு, ரசீதிலும் எழுதி வாங்கலாம்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்பவர் ஒருவர்,
மதுரை.