மெல்பர்னில் குளிர்காலத்தில் பூவே இல்லையாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் தோட்டப் பகுதியில், ஜூன், ஜூலையில் மெல்பர்ன் தோட்டங்களில் பூ என்று சொல்ல ஒன்றும் இராது என்று உங்கள் கட்டுரையாளர் போகிறபோக்கில் எழுதியிருக்கிறார். அவர் எந்த மெல்பர்னில் இருக்கிறாரோ! என் வேலியோரம் நிற்கும் கொரியா (Correa, நாடல்ல, இந்த மண்ணின் புதர்ச்செடி) இலையுதிர்காலத்தில் பூக்கத் தொடங்கினால் குளிர் முடியும்வரை ஓய்வதில்லை. மேலே சிவப்பு, வாயோரம் மஞ்சள்பச்சை, மணிமாதிரி தொங்கும் குழல், அதற்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தத் தாள்கள். ஸ்பைன்பில் என்ற குருவி வளைந்த மூக்கை அதற்குள் விட்டுத் தேன் குடிப்பதைக் காபி ஆறும்வரை நின்று பார்க்கலாம்.

கொரியாவில் மொத்தமே பத்துப் பன்னிரண்டு இனங்கள்தான், எல்லாம் ஆஸ்திரேலியாவுக்கே உரியவை, நம் கறிவேப்பிலை, எலுமிச்சை, வில்வத்தோடு ஒரே குடும்பம், இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல. 1798-லேயே லண்டனில் படத்தோடு அச்சேறி, கொரேயா ட செர்ரா என்ற போர்ச்சுக்கீசியத் தாவரவியலாளரின் பெயரையும் வாங்கிக்கொண்ட செடி, இன்னும் உங்கள் தோட்டப் பகுதிக்கு வந்து சேரவில்லை.

யாரைச் சொல்லி என்ன? உப்புக்காற்றைத் தாங்கிக் கடலோர மணலில் வளர்கிற வெள்ளைக் கொரியாவை எங்கள் தெருமுனையில் நட்டிருந்தார்கள், வேலைக்கு வந்த ஒப்பந்தக்காரர் அடியோடு வெட்டிப் போட்டுவிட்டு, கேட்டால் "புதர்தானே" என்கிறார். நர்சரிக்குப் போனால் ரோஜாவைக் காட்டுகிறார்கள். வீட்டுக்கு வரும் நம்மவர்களோ "ஏன், மல்லிகை வைக்கலையா?" என்கிறார்கள். (மல்லிகையும் இருக்கிறது, தொட்டியில், நடுங்கிக்கொண்டு.) உங்கள் கட்டுரையாளர் எல்லாச் செடிக்கும் எருவை அள்ளிக் கொட்டச் சொல்கிறார் பாருங்கள், சத்தில்லாத மண்ணில் வளர்ந்து பழகிய புதர்க்காட்டுச் செடிக்கு அதெல்லாம் எதற்கு? தண்ணீர் தேங்காமல் இருந்தால் போதும்.

முன்பு ஒருமுறை பாட்டில்பிரஷ் பூவின் படத்தைப் போட்டு யூகலிப்டஸ் என்று எழுதினீர்கள். அதற்கும் கடிதம் போட்டேன், வெளியாகவில்லை. இடமில்லை போலும். ராசிபலனுக்கு மட்டும் இரண்டு பக்கம் இருக்கிறது, சரி, அது உங்கள் விருப்பம்.

அடுத்த இதழில் நான்கு வரித் திருத்தம் போட்டால் போதும். படம் வேண்டுமென்றால் நானே எடுத்து அனுப்புகிறேன். தயவுசெய்து அதைத் தலைகீழாக அச்சிட்டுவிடாதீர்கள், அந்தப் பூ தொங்கத்தான் செய்யும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
மெல்பர்ன்