நீர்க்கட்டி என்று எழுதி அனுப்பினால் போதுமா?

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். "இரண்டு பக்கமும் நீர்க்கட்டி" என்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஒரு வரி இருந்தால், குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி "கட்டியை எப்போது எடுப்பீர்கள்?" அடுத்தது "குழந்தை பிறக்குமா?" எடுக்க அங்கே கட்டியே இல்லை. பாதியில் வளர்ச்சி நின்றுபோன சினைமுட்டைப் பைகள்தான் இருக்கின்றன, 2 முதல் 9 மில்லிமீட்டர் அளவில். மாதாமாதம் அவற்றில் ஒன்று 18, 20 மில்லிமீட்டர் வரை வளர்ந்து வெடிக்க வேண்டும். பி.சி.ஓ.எஸ். எனப்படும் இந்தக் கோளாறு உள்ள பெண்களுக்கு உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் அது கூடுதலாகச் சுரக்கிறது. கூடிய இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைப் பெருக்குகிறது; அதைக் கட்டிவைக்கும் புரதத்தைக் கல்லீரல் குறைத்துவிடுகிறது. முட்டைகளுக்குப் பஞ்சமில்லை, வெளிவருவதில்தான் சிக்கல். குழந்தையின்மைக்கான காரணங்களில் இது மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படக்கூடிய ஒன்று. அதனாலேயே இந்த மடல்.

முதலில் நோயறிதல். ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண் ஹார்மோன் மிகுதி (முகத்தில் முரட்டு முடி அல்லது ரத்தப் பரிசோதனை முடிவு), ஸ்கேனில் தெரியும் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு வேண்டும். அதற்கும் முன் தைராய்டு, புரோலாக்டின், 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களை ரத்தத்தில் பார்த்து மற்ற காரணங்களை விலக்க வேண்டும். மாதவிடாய் சீராகவும் முகம் தெளிவாகவும் இருக்கும் பெண்ணுக்கு ஸ்கேனை மட்டும் வைத்து இந்தப் பெயரைச் சூட்டக் கூடாது. 2003-இல் ஒரு சினைப்பையில் 12 பைகள் இருந்தாலே கணக்கு. கருவிகள் கூர்மையான பிறகு ஆரோக்கியமான இளம்பெண்களுக்கும் 12 தெரிய ஆரம்பித்தது. இப்போதைய வரம்பு 20 பைகள், அல்லது சினைப்பையின் கொள்ளளவு 10 மில்லிலிட்டர். பதின்ம வயதுப் பெண்ணுக்கு இதற்காக ஸ்கேனே வேண்டாம் என்கிறது 2023-இன் சர்வதேச வழிகாட்டுதல். பள்ளி மாணவிகளை ஸ்கேன் மையத்துக்கு அனுப்புவதை நிறுத்தச் சொல்லுங்கள்.

மாதவிடாய் 90 நாளைத் தாண்டினால் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்துவிட்டு, இல்லை என்று உறுதியானதும் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரையை 10 மி.கி. பத்து நாள் கொடுத்து மாதவிடாயை வரவைக்க வேண்டும். கருப்பையின் உள்சவ்வு உதிராமல் தடித்துக்கொண்டே போவது நல்லதல்ல. 'தள்ளித்தானே போகிறது, கரு தங்காது' என்று கருத்தடையை விட்டுவிடும் பெண்களும் உண்டு. முட்டை எப்போதாவது வெடிக்கத்தான் செய்யும்.

குழந்தை வேண்டும் என்று வருபவருக்கு எந்த மாத்திரைக்கும் முன்னால் கணவரின் விந்துப் பரிசோதனை. 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். மருமகளை மட்டும் அழைத்துவந்து உட்காரவைக்கும் வழக்கத்துக்கு இந்தப் பரிசோதனையைவிட நல்ல பதில் எங்களுக்குத் தெரியவில்லை.

முட்டை வெடிக்க முதல் மருந்து லெட்ரோசோல்: மாதவிடாயின் 3-ஆம் நாளிலிருந்து ஐந்து நாள், 2.5 மி.கி. வெடிக்கவில்லை என்றால் அடுத்த சுற்றில் 5, பிறகு 7.5. 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 750 பெண்களில், ஐந்து சுற்றுக்குள் குழந்தை பெற்றவர்கள் இந்த மருந்தில் 27.5 விழுக்காடு, பழைய குளோமிஃபீனில் 19.1. இந்தியாவில் 2011-இல் இந்தப் பயன்பாட்டுக்குத் தடை வந்து 2017-இல் நீங்கியது. தடை போனாலும் தயக்கம் சில மருத்துவர்களிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்னொரு தொல்லை: இது மார்பகப் புற்றுநோய்க்கு வந்த மருந்து. பெயரைக் கூகுளில் தேடிப் பார்த்துவிட்டு அட்டையோடு குப்பையில் போடுவார்கள். சீட்டு எழுதும்போதே சொல்லிவிட்டால் அந்தச் சுற்று வீணாகாது.

வெடித்ததா என்று பார்க்க எல்லாருக்கும் 21-ஆம் நாள் ரத்தம் எடுப்பது பயனற்றது. 40 நாள் சுற்றுள்ளவருக்கு முட்டை வெளிவருவதே 26-ஆம் நாள் வாக்கில். அவருக்கு 33-ஆம் நாள்தான் சரி. சிறுநீரில் பார்க்கும் அட்டைகளையும் நம்ப முடியாது, அவை காட்டும் எல்.ஹெச். (முட்டையை வெடிக்கத் தூண்டும் ஹார்மோன்) இவர்களுக்கு எப்போதும் கூடுதலாகவே இருக்கலாம். கழற்சிக்காய்ப் பொடியைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். லெட்ரோசோலுக்கு உள்ள ஆதாரம் அதற்கு இல்லை, நாள்தான் போகும்.

இன்சுலின் சரியாக வேலை செய்ய உதவும் மெட்ஃபார்மின் மாத்திரையை முதல் நாளே முழு அளவில் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வந்து நான்காம் நாள் நிறுத்திவிடுவார்கள். சாப்பாட்டோடு 500 மி.கி. தொடங்கி, ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை 500 கூட்டலாம். பல ஆண்டு எடுப்பவருக்கு பி12 குறையும். அதையும் பார்க்க வேண்டும்.

எடை கூடியவருக்கு 5 விழுக்காடு குறைந்தாலே, அதாவது 80 கிலோவில் 4 கிலோ, பலருக்கு மாதவிடாய் திரும்புகிறது. ஒல்லியான பெண்ணுக்கும் இந்தக் கோளாறு வரும் என்பதால், "உடம்பைக் குறைத்துவிட்டு வா" என்பதையே எல்லாருக்கும் சிகிச்சையாக எழுத முடியாது.

75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்க்கும் பழக்கம் உங்கள் கர்ப்பிணிப் பரிசோதனையில் ஏற்கெனவே இருக்கிறது. கருத்தரிக்கத் திட்டமிடும்போதே இவர்களுக்கு அதைச் செய்யுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியாக இருந்தும், குளுக்கோஸ் குடித்த பிறகு எகிறுபவர்கள் இவர்களில் உண்டு. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகச் சர்க்கரை பார்க்கிறவர்கள், 35 நாளைத் தாண்டி மாதவிடாய் வரும் பெண்ணிடமும் கழுத்து கறுத்திருக்கும் (இன்சுலின் கூடியதன் அடையாளம்) பெண்ணிடமும் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்கலாம்.

கடைசியாக, ஸ்கேன் ரிப்போர்ட். பைகளின் எண்ணிக்கை, சினைப்பையின் கொள்ளளவு, மாதவிடாயின் எத்தனையாவது நாள், வயிற்றின் மேல் எடுத்ததா பிறப்புறுப்பு வழியாக எடுத்ததா ஆகிய நான்கும் இருக்க வேண்டும். வயிற்றின் மேல் எடுத்தால் எண்ணிக்கை சரிவராது, கொள்ளளவை மட்டுமே கொள்ள வேண்டும். இவை இல்லாமல் 'நீர்க்கட்டி' என்று மட்டும் வரும் ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்ப உங்கள் மருத்துவ அலுவலர்களுக்கு ஒரு சுற்றறிக்கை போடுங்கள்.

இப்படிக்கு,
மகப்பேறு மற்றும் ஹார்மோன் மருத்துவர்கள் சிலர்