டிசம்பர் 25 தாளில் கொஞ்சம் இடம் கேட்டு ஒரு மடல்

தினசரி காலண்டர் அச்சிடும் அச்சகத்தாருக்கு வணக்கம்.

ஆடிப்பெருக்கு வந்தால் அடுத்த ஆண்டு ஆல்பத்தை வெளியிட்டு ஆர்டர் எடுக்க ஆரம்பித்துவிடுவீர்கள். அதனால் முன்கூட்டியே எழுதிவிடுகிறேன். படங்களில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. முருகனோ மாதாவோ, மளிகைக்கடைக்காரர் எதைக் கொடுக்கிறாரோ அதை ஆணியில் மாட்டிக்கொள்கிறோம். நான் பேச வந்தது தாளின் அடியில் பொடி எழுத்தில் வரும் ‘வரலாற்றில் இன்று’ பற்றி.

எங்கள் வீட்டில் தேதி கிழிப்பது ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகளின் வேலை. நல்ல நேரம், இராகு காலம், சூலம், சந்திராஷ்டமம் எல்லாவற்றையும் தாண்டி நேராக அந்த அடிவரிக்குப் போய்விடுவாள். போன டிசம்பர் 25 அன்று சிவப்புத் தாளில் இருந்தவை மூன்று: நியூட்டன் பிறந்த தினம், வாஜ்பாய் பிறந்த தினம், சார்லி சாப்ளின் மறைந்த தினம். ஆண்டுகூடப் போடவில்லை. உடனே ஒரு பொது அறிவுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “அப்பா, இதுல நியூட்டன் பிறந்தது ஜனவரி 4-ன்னு இருக்கே, எது தப்பு?”

இரண்டும் தப்பில்லை. நியூட்டன் பிறந்தபோது இங்கிலாந்து பழைய ஜூலியன் காலண்டரில் இருந்தது. அதன்படி 1642 டிசம்பர் 25. இன்று நாம் பின்பற்றும் கிரிகோரியன் கணக்குக்கு மாற்றினால் பத்து நாள் தள்ளி 1643 ஜனவரி 4. இங்கிலாந்து 1752-இல்தான் புதிய கணக்குக்கு மாறியது. அதற்குள் வித்தியாசம் பதினோரு நாளாகிவிட்டதால், அந்த ஆண்டு செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14. காலண்டர் தொழிலில் இருக்கும் உங்களுக்கு இதைவிட ருசியான செய்தி உண்டா? அந்த மாதத்துக்கு 19 தாள் அச்சடித்தால் போதும்!

நியூட்டனைப் போட இந்தத் தேதிக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 1682-இல் தெரிந்த வால்மீன் சுமார் 76 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்று நியூட்டனின் ஈர்ப்பு விதியை வைத்துக் கணக்குப் போட்டுச் சொன்னவர் எட்மண்ட் ஹாலி. சொன்னவர் 1742-இல் இறந்துபோனார். 1758 டிசம்பர் 25 இரவு, ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் பாலிட்ஷ் என்ற விவசாயி தன் தொலைநோக்கியில் அதைக் கண்டுபிடித்தார். ஐரோப்பாவின் பெரிய வானியலாளர்கள் தேடிக்கொண்டிருந்தது முதலில் அகப்பட்டது ஒரு விவசாயியின் கண்ணுக்கு. இதை மகளுக்குச் சொன்னபோது அவள் பல் துலக்குவதையே நிறுத்திவிட்டாள். ‘பிறந்த தினம்’ என்ற இரண்டு சொல்லில் என்ன இருக்கிறது?

சரி, இதெல்லாம் ருசிக்காக. என் உண்மையான மனக்குறை வேறு.

என் அம்மாவுக்குத் திருவாரூர்ப் பக்கம். அம்மாவுக்கு டிசம்பர் 25 என்றால் முதலில் நினைவுக்கு வருவது வெண்மணி. 1968-ஆம் ஆண்டு அந்த இரவில், அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த கீழ்வெண்மணியில், கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுச் சங்கம் சேர்ந்த தலித் விவசாயத் தொழிலாளர்களின் தெருவுக்குள் நிலவுடைமையாளர்களின் ஆட்கள் புகுந்தார்கள். தப்பி ஓட முடியாதவர்கள் ஒரு சின்னக் குடிசைக்குள் பதுங்கினார்கள். குடிசையோடு வைத்துக் கொளுத்தினார்கள். 44 பேர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். கீழ்நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. இன்றும் ஒவ்வொரு டிசம்பர் 25 அன்றும் அந்த ஊர் நினைவிடத்தில் கூட்டம் கூடுகிறது. அந்த வயலில் விளையும் நெல் வரும் கடையில்தான் உங்கள் காலண்டரும் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஒரு வரி இல்லை.

கிறிஸ்துமஸ் தாளில் துக்கச் செய்தியா என்று கேட்பீர்கள். வாடிக்கையாளர் முகம் சுளிப்பார் என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் சாப்ளின் மறைவும் துக்கச் செய்தி. மறுநாள் தாளில் சுனாமி நினைவு நாள் என்று நீங்களே போடுகிறீர்கள், யாரும் காலண்டரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அஷ்டமி, நவமி என்று ஆகாத நாளையெல்லாம் கூசாமல் அச்சடிப்பவர்கள் இதற்குத் தயங்குவானேன்?

அதே தேதியில், 1927-இல், மகாராஷ்டிரத்தின் மகாத் ஊரில் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. அதற்கு ஒன்பது மாதம் முன்பு, மார்ச் 20 அன்று, அதே ஊரின் சவதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்ததற்காக அவரோடு வந்த தலித் மக்கள் அடிபட்டிருந்தார்கள். அப்புறம் ராஜாஜி. இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரல், சென்னை மாகாணத்தின் முதல்வர், 1972-இல் சென்னையில் காலமானது இதே நாளில்தான். சுவிட்சர்லாந்தில் இறந்த சாப்ளினுக்குக் கிடைத்த இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. (சாப்ளின் மேல் எனக்குக் கோபமில்லை, எங்கள் வீட்டில் அவர் படம் ஓடாத விடுமுறை கிடையாது.)

இடம் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். நான் அளந்து, எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன். தாளின் பின்பக்கம் முழுக்கக் காலி, அதில் நாங்கள் பால் கணக்கு எழுதுகிறோம். முன்பக்கத்துக்கு இது போதும்:

“1642 நியூட்டன் பிறப்பு (பழைய காலண்டர்). 1758 ஹாலி வால்மீனை விவசாயி பாலிட்ஷ் கண்டார். 1927 மகாத்தில் மனுஸ்மிருதி எரிப்பு. 1968 கீழ்வெண்மணியில் கூலி கேட்ட குடும்பத்தினர் 44 பேர் எரித்துக் கொலை. 1972 ராஜாஜி மறைவு.”

வாஜ்பாயையும் சாப்ளினையும் எடுக்க மனம் வராவிட்டால் வைத்துக்கொள்ளுங்கள். ராசிபலனில் பன்னிரண்டு ராசிக்கும் ‘லாபம்’, ‘செலவு’, ‘அமைதி’ என்று ஒற்றைச் சொல்தானே போடுகிறீர்கள், அந்தக் கட்டத்தை ஓர் எழுத்தளவு சுருக்கினால் இரண்டு வரி கிடைக்கும்.

இப்படிக்கு,
தினமும் தாள் கிழிக்கும் ஒரு வீட்டிலிருந்து