மாலை சினை ஊசியை நிறுத்தாதீர்கள்

மதிப்பிற்குரிய வட்டாரக் கால்நடை மருத்துவ அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். உறையவைத்த காளை விந்தை மாட்டுக்குச் செலுத்தும் சினை ஊசி இனி காலை 8 முதல் 12 மணி வரை மட்டும்தான் என்று போன வாரம் மருந்தகச் சுவரில் தாள் ஒட்டியிருக்கிறீர்கள். ஆள் பற்றாக்குறை எங்களுக்கும் தெரியும். ஆனாலும் மாலை ஊசியை நிறுத்த வேண்டாம் என்று கேட்கத்தான் இந்த மடல்.

மாடு சினைக்குத் தயாராகும் பருவத்தைக் காலையில் கண்டால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலையில் ஊசி. பயிற்சி முகாம்களில் நீங்கள் சொல்லிக்கொடுத்த கணக்குதான் இது. விடிகாலை 5 மணிக்குப் பால் கறக்கப் போகும்போது ஒரு மாடு சினைக்குக் கத்த ஆரம்பிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பருவம் தொடங்கி ஏறக்குறைய 28 முதல் 30 மணி நேரத்தில் முட்டை வெளிவரும், அதாவது மறுநாள் காலை 9 முதல் 11 மணிக்குள். விந்தின் உயிரணுக்கள் கருப்பைக்குள் பக்குவப்பட 6 முதல் 8 மணி நேரம் வேண்டும். முட்டையோ சில மணி நேரம்தான் தாங்கும். அன்று காலை 8 மணிக்கே ஊசி போட்டால், முட்டை வரும்போது உறைவிந்தின் ஆயுள் முடியும் தறுவாயில் இருக்கும். மறுநாள் காலை போட்டால், உயிரணு பக்குவப்படும் நேரத்தில் முட்டை வலுவிழக்கத் தொடங்கியிருக்கும். அன்று மாலை 5 மணிதான் சரியான நேரம். அந்த நேரத்துக்குத்தான் இப்போது கதவைச் சாத்தியிருக்கிறீர்கள்.

இதில் எங்கள் மனம் புண்படுவது ஒன்று உண்டு. மறுநாள் காலை மாட்டை ஓட்டி வந்தால் 'பருவம் தவறிக் கொண்டுவரப்பட்டது' என்று பதிவேட்டில் எழுதுகிறார்கள். தவறவிட்டது யார்? ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவர் கட்டுத்தறியில்தான் வளர்க்கிறார். இன்னொரு மாடு ஏறினால் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்க அங்கே வழியில்லை. மாடு படுத்திருக்கும்போது பின்புறத் தரையில் முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழும்பு கிடக்கிறதா, வாலிலும் தொடையிலும் காய்ந்து ஒட்டியிருக்கிறதா, பிறப்புறுப்பு தடித்துச் சிவந்திருக்கிறதா, அடிக்கடி சிறுநீர் விடுகிறதா, கறவை அரை லிட்டராவது குறைந்ததா என்று இரவு 10 மணிக்கு ஒருமுறை, விடியலில் ஒருமுறை விளக்கோடு போய்ப் பார்க்கிறார்கள். எருமையில் பெரும்பாலும் கத்தல் இராது, ஊமைப் பருவம். கோடையில் அதுவும் இரவில்தான் தெரியும். வழும்பு மஞ்சளாகவோ கலங்கலாகவோ இருந்தால் ஊசி கேட்காமல் சிகிச்சை கேட்கிறார்கள். இரத்தம் கசிந்தால் பருவம் முடிந்து இரண்டு மூன்று நாளாயிற்று என்று புரிந்துகொண்டு, அடுத்த பருவத்துக்கு நாள்காட்டியில் குறித்துவைக்கிறார்கள். இவ்வளவும் பார்த்துப் பிடித்த பருவம் பூட்டிய கதவு முன்னால் வீணாகிறது.

ஒரு பருவம் போனால் அடுத்தது வரும்வரை 21 நாள் போச்சு, அத்தனை நாள் தீவனமும் வீண். நாளுக்கு ஒன்றரைக் கிலோ என்றாலும் 30 கிலோவுக்கு மேல் அடர்தீவனம், 15 கிலோ வீதம் 300 கிலோவுக்கு மேல் பசுந்தீவனம். வருடம் ஒரு கன்று வேண்டுமானால் ஈன்ற 85 நாளுக்குள் சினை நிற்க வேண்டும். அதில் இரண்டு பருவம் தவறினால் அந்தக் கணக்கே உடைந்துவிடும்.

கிடேரிக் கன்று பிறக்கும் பாலினம் பிரித்த விந்தை வாங்கச் சொல்கிறீர்கள். விந்தை அடைத்துவைக்கும் சாதாரணக் குச்சியில் சுமார் 2 கோடி உயிரணு இருக்கும், பாலினம் பிரித்த குச்சியில் 20 லட்சம் அளவுதான். நேரம் தவறினால் அது எப்படித் தாங்கும்? குச்சியை 37 டிகிரி வெந்நீரில் 30 விநாடி வைத்து உருக்க வேண்டும். பல கிளை நிலையங்களில் வெப்பமானியே இல்லை, உள்ளங்கையில் தேய்த்து உருக்குகிறார்கள். விந்தை உறைநிலையில் காக்கும் திரவ நைட்ரஜன் எப்போது நிரப்பினார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. சினை நிற்காவிட்டால் பழி மட்டும் மாட்டுக்காரருக்கு. கோபத்தில் கொஞ்சம் அதிகமாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, நாங்கள் கேட்பது மாலை ஊசி. ஞாயிறு, விடுமுறை நாளிலும் 4 முதல் 6 மணி வரை ஒருவர் இருக்கட்டும். அதுவும் முடியாதென்றால் மூன்று கிளை நிலையங்களுக்கு முறைவைத்து ஒன்றையாவது மாலையில் திறந்து, எந்த நாளில் எது என்று பால் சங்கப் பலகையில் எழுதிவையுங்கள். நாங்கள் மாட்டை அங்கே ஓட்டி வருகிறோம்.

இப்படிக்கு,
வட்டாரப் பால் உற்பத்தியாளர்கள்