மசக்கைதானே என்று விட்டுவிடாதவர்களுக்கு

அன்புடையீர்,

வீடு திரும்பிவிட்டேன். வயிற்றுப் பிள்ளை நலமாக இருக்கிறது. நேற்றிரவு குடித்த கஞ்சி வெளியே வரவில்லை. மசக்கையை மீறிய கடும் கர்ப்பகால வாந்தி நோயால் (மருத்துவர்கள் இதை ஹைப்பர்எமெசிஸ் கிராவிடாரம் என்பார்கள்) மருத்துவமனையில் கிடந்தபோது நடந்தவை உங்களுக்குத் தெரியும் என்பதால், நேராக நன்றிக்கே வருகிறேன்.

என் முதல் வணக்கம், வார்டைத் துடைக்க வரும் அக்காவுக்கு. பினாயில் வாளி வாசலுக்கு வந்தாலே எனக்குக் குடல் புரளும். அதைச் சொல்லக்கூடத் தெம்பில்லாமல், ட்ரிப்ஸ் ஏறும் கையோடு நான் சுவர்ப்பக்கம் திரும்புவதைப் பார்த்தே அவர் புரிந்துகொண்டார். அன்று முதல் என் கட்டிலைச் சுற்றி வெந்நீரால் மட்டும் துடைத்துவிட்டு, என்னைக் குளியலறைக்கோ ஸ்கேனுக்கோ கூட்டிப்போகும் நேரம் பார்த்து பினாயில் போட்டு, ஜன்னலைத் திறந்து, நான் திரும்புவதற்குள் வாடையைப் போக்கிவைத்தார். தலையில் சூடிவரும் மல்லிகையையும் மாடிப்படியிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தார். பார்க்க வந்த உறவினர் ஒருவர், "நாங்களெல்லாம் பிள்ளை பெறவில்லையா?" என்று கேட்டபோது, "இது மசக்கை இல்லீங்க, சீக்கு. இந்த வார்டுல நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன்" என்று எனக்காகப் பதில் சொன்னவரும் அவரே.

அவர் கண்ணால் கண்டறிந்ததற்கு ஆய்வும் சான்று தந்திருக்கிறது. மார்லீனா ஃபெய்சோ, ஸ்டீபன் ஓ'ராஹிலி முதலான ஆய்வாளர்கள் 2023 டிசம்பரில் 'நேச்சர்' அறிவியல் இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, கருவிலிருந்து தாயின் இரத்தத்தில் கலக்கும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனுக்கு இந்நோயில் பெரும் பங்கு உண்டு. கருவுறுவதற்கு முன் அந்த ஹார்மோன் உடலில் குறைவாக இருந்த பெண்களுக்கே இந்நோய் கடுமையாக வரும் வாய்ப்பு அதிகம். 1999இல் இதே நோயால் தம் கருவைப் பறிகொடுத்தவர் ஃபெய்சோ. இனியும் ஒரு பெண்ணைப் பார்த்து, செல்லம் கொஞ்சுகிறாள் என்றோ, பிள்ளை வேண்டாமென்ற எண்ணம் உள்ளே இருக்கிறது என்றோ சொல்ல யாருக்கும் நியாயமில்லை.

சிறுநீரில் கீட்டோன் (உணவில்லாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் பொருள்) இருப்பதைக் கண்டதும் அன்றே சேர்த்துக்கொண்ட மருத்துவர்; சத்து வற்றிய உடம்பில் வைட்டமின் பி1 போடாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளையே பாதிக்கப்படலாம் என்று சொல்லி, அந்த ஊசியைப் போட்ட பிறகே பாட்டிலை மாட்டிய இரவுப்பணி செவிலியர்; தாளிப்பதைக் கொல்லைப்புற அடுப்புக்கு மாற்றிக்கொண்ட கீழ்வீட்டார்; முகம் சுளிக்காமல் கிண்ணம் ஏந்திய என் மாமியார்; அவருடைய மகன் — உங்கள் அனைவருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

பிரசவம் முடிந்து உடம்பு தேறியதும், எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் கூடும் நாளில், உடன் வரும் கணவர்களிடமும் மாமியார்களிடமும் பேச விரும்புகிறேன். குடித்த தண்ணீரும் தங்காவிட்டால், சிறுநீர் குறைந்து நிறம் அடர்ந்தால், கருவுறுமுன் இருந்த எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு இறங்கினால், இஞ்சிச் சாறும் எலுமிச்சையும் கொடுத்துப் பார்த்துக்கொண்டிராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள் என்று அவர்களிடம் சொல்ல வேண்டும். அதற்காகக் கிராம சுகாதார செவிலியரிடம் இப்போதே நேரம் கேட்டு வைத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் வீட்டுப் பெண்