கொட்டகை அளவு கேட்டிருந்தாய்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவுக்கு முட்டிவலி பழையபடிதான். நம் தோட்டத்துப் பழைய கூத்துக் கொட்டகையைச் சரிசெய்து திறக்க நீ அனுப்பிய வரைபடம் கிடைத்தது. கோடெல்லாம் சுத்தம், அக்காவிடமும் காட்டினேன். செவ்வாய்க்கிழமை பகல் 11 மணிக்கு அனுப்பியிருக்கிறாய். ஷிப்டு நேரத்தில் போனை லாக்கரில் பூட்டிவிடுவார்கள் என்று நீதானே சொல்வாய். சரி, இருக்கட்டும்.

மேடை அகலம் 24 அடி, ஆழம் 18, உயரம் 4. நீ உயரத்தை 3 என்று போட்டிருக்கிறாய், அது தப்பு. முன்னால் பாய், நடுவில் பெஞ்சு, பின்னால் நின்று பார்க்கிற கூட்டம், தரையோ சமதளம். 4 அடிக்குக் குறைந்தால் பின்னால் இருப்பவனுக்கு ஆடுகிறவன் கால் தெரியாது. கூத்தில் கால் தெரியாவிட்டால் பாதி ஆட்டம் போச்சு.

தூண்கள் செங்கால் மரம், தொடாதே. பலகை மெராந்தி மரம், சுவரோரம் கரையான் ஏறியிருக்கும். ஸ்குரூடிரைவரால் குத்திப் பார், முனை இறங்கினால் அந்தப் பலகையோடு அடுத்ததையும் கழற்று. கூரை அஸ்பெஸ்டாஸ். உடைக்கக் கூடாது, துளை போடக் கூடாது; அந்தத் தூள் நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. நனைத்து, முழுத் தகடாகவே இறக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அதற்குப் பதில் வெறும் சிங்க் தகடு போட்டால் மழை பிடித்த நிமிடமே வசனம் காலி, கீழே சத்தம் தாங்குகிற அடுக்கு வேண்டும். பணம் கையை மீறுவது இங்கேதான். வயரின் ரப்பர் உறை வளைத்தால் உதிரும், ஒட்டுப் போடாமல் முழுவதும் மாற்று. மைக் கூவியதற்கு மைக்கைக் குறை சொல்லாதே. ஸ்பீக்கர் மேடையைப் பார்த்து நின்றால் எந்த மைக்கும் கூவும். மைக்குக்கு முன்னால், ஜனத்தைப் பார்த்து வை.

எல்லாவற்றுக்கும் முன்னால் நிலம். தோட்டம் கைமாறிவிட்டது. புது முதலாளியிடம் எழுத்தில் அனுமதிக் கடிதம் வாங்காமல் ஓர் ஆணி அடிக்காதே.

தோட்டத்தில் கூத்து எப்படி வளர்ந்தது என்று கேட்டாய். மலேசியாவில் நம் கெடாப் பக்கம் பிப்ரவரி, மார்ச்சில் வெயில் கொளுத்தும், ரப்பர் இலை உதிர்ந்து பால் குறையும். பால்வெட்டு சீக்கிரம் முடியும், சம்பளமும் இளைக்கும். ஒத்திகை அப்போதுதான், பங்குனித் திருவிழாவில் மேடையேற்றம். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியார், செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேட்டில் ஆளுக்கு 2 வெள்ளி, அதாவது 2 ரிங்கிட், பிடித்துத் தனிக் கணக்கு வைத்தார். கொட்டகை அந்தக் காசில் நின்றது. 1969இல் வேலை பெர்மிட் வந்ததும் குடியுரிமை இல்லாத சிவப்புக் கார்டுக்காரர் பலர் இந்தியாவுக்கு ரஜுலா கப்பலேறினார்கள், ஆர்மோனியக்காரரும் மேடைப் படுதா எழுதுகிறவரும் அதில் உண்டு. அப்படியும் மேடை ஓடியது.

டிவிதான் கொன்றது என்பார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1963இல் டிவி வந்தது, 1978இல் கலரும் வந்தது, திருவிழாவுக்குக் கூட்டம் குறையவில்லை. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். அதற்குப் பாதி ஆள்கூட வேண்டாம். தொழிலாளர் குடியிருந்த லயம் காலியானதும் செக்ரோல் சுருங்கியது, 2 வெள்ளியும் நின்றது. முதலில் போனது கூரைத் தாழ்வாரத் தகரம். அதை மாற்றக் காசில்லை. தண்ணீர் பலகையில் இறங்கியது. மூடியவர் என்று யாரையும் சொல்ல முடியாது.

அதனால்தான் கேட்கிறேன், மாதாமாதம் யார் கட்டுவார்கள்? ஒருதரம் செலவழித்துத் திறந்துவிடலாம், நடத்துவது வேறு. உன் இ.பி.எஃப் ஓய்வுச் சேமிப்பில், எப்போதும் எடுக்கலாம் என்கிற மூன்றாவது கணக்கில் கை வைக்காதே. கடிதமில்லாமல் ஆணி அடிக்காதே என்று மறுபடியும் சொல்கிறேன். தீயணைப்புத் துறையான பொம்பாவும் நகராண்மைக் கழகமும் வெளியே திறக்கும் கதவு கேட்பார்கள், வரைபடத்தில் அதையும் காணோம். ஆனாலும் இந்தக் கொட்டகையை நினைத்துப் பார்க்க உன் வயதில் வேறு யார் இருக்கிறார்கள்.

இன்னொன்று, உன் கூட்டாளிகளுக்காக. ஃபேக்டரியில் யாருக்காவது வேலை போயிருந்தால், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில், வேலை போனவர்களுக்கு உதவ இ.ஐ.எஸ் என்று 2018 முதல் ஒரு திட்டம் இருக்கிறது. வேலை போன 60 நாளுக்குள் மனுப் போட வேண்டும். தானாக ராஜினாமா எழுதிக் கொடுத்தவர்களுக்குக் கிடையாது. அதனால் எந்தத் தாளிலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல். வேலை நிறுத்திய கடிதமும் சம்பளச் சீட்டும் பத்திரமாக இருக்கட்டும். 60 நாள் என்றால் ஞாயிறும் சேர்த்துத்தான்.

அன்புடன்,
அப்பா