தராசை மறந்த கொம்புகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வைக்கிங்குகளைப் பற்றி, அதாவது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஸ்காண்டிநேவியக் கடலோடிகளைப் பற்றி, வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கடற்கொள்ளையர் என்றே சொல்லிப் பழகிவிட்ட ஒரு மக்களை "அடிப்படையில் அமைதியான வணிகர்கள்" என்று நிறுவக் கட்டுரையாளர் எடுத்துக்கொண்ட முயற்சி பாராட்டத்தக்கதே. ஆனால், ஒரு பொய்யை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு, அதே இடத்தில் ஒரு பாதி உண்மையை அவர் உட்காரவைத்துவிட்டார் என்பது என் மனக்குறை.

முதலில் படத்தைச் சொல்லிவிடுகிறேன். கட்டுரையோடு வந்த ஓவியத்தில் எல்லோர் தலையிலும் மாட்டுக்கொம்பு. வைக்கிங் காலத்துத் தலைக்கவசங்களில் ஓரளவு முழுமையாகக் கிடைத்தது, 1943-இல் நார்வேயின் யெர்முன்ட்பூவில் கண்டெடுக்கப்பட்டது. அதில் கொம்பு கிடையாது. 1876-இல் ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னரின் இசைநாடகம் பைரோய்ட் நகரில் மேடையேறியபோது உடை வடிவமைப்பாளர் டோப்லர் மாட்டிவிட்ட கொம்புதான் இன்னும் இறங்காமல் இருக்கிறது. இணையப் பதிப்பிலாவது அந்தப் படத்தை மாற்றிவிடலாம்.

நான் வங்கியொன்றில் முப்பது ஆண்டுகள் நகை மதிப்பீட்டாளராக இருந்தவன். ஆகவே வைக்கிங்குகளின் கோடரியைவிடத் தராசின் மீதுதான் எனக்கு ஈடுபாடு அதிகம். மடித்துச் சிறு வெண்கலச் சிமிழுக்குள் வைத்துக்கொள்ளக்கூடிய தராசுகள் அவர்களுடைய புதைகுழிகளில் கிடைத்துள்ளன. நாணயத்தின் முகமதிப்பைப் பெரிதாக எண்ணாமல் வெள்ளியை வெள்ளியாகவே நிறுத்து வாங்கியவர்கள், எடை குறைந்தால் கைக்காப்பையே வெட்டித் துண்டைத் தட்டில் போட்டார்கள். புதையல்களில் கிடைக்கும் அரபுத் திர்ஹம் நாணயங்களில், உள்ளே மட்டமான உலோகம் இருக்கிறதா என்று கத்திமுனையால் கொத்திப் பார்த்த தழும்புகளை இன்றும் காணலாம். நாங்கள் உரைகல்லில் தேய்த்துப் பார்த்ததை அவர்கள் கத்தியால் செய்தார்கள், அவ்வளவே. எடைக்கற்களில் ஒரு வகை இரும்பின் மேல் வெண்கலம் போர்த்தியது. கனத்தைக் குறைக்க யாராவது சுரண்டினால் உள்ளிருக்கும் இரும்பு காட்டிக்கொடுத்துவிடும் என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள் என்று கருதப்படுகிறது. 1999-இல் சுவீடனின் கோட்லாந்து தீவில், ஸ்பில்லிங்ஸ் என்ற பண்ணையில் வெளிப்பட்ட புதையலில் மட்டும் 67 கிலோ வெள்ளி இருந்தது. 14,000-க்கும் மேற்பட்ட நாணயங்களில் பெரும்பாலானவை இஸ்லாமிய நாடுகளில் அச்சிடப்பட்டவை.

இவ்வளவு வெள்ளியும் எதற்கு ஈடாக வந்தது? மென்மயிர்த் தோல், தேன், மெழுகு, அம்பர் என்னும் கல்லாய் இறுகிய மரப்பிசின், வால்ரஸ் என்ற கடல்விலங்கின் தந்தம் என்று பட்டியலிட்டுக் கட்டுரை நிறுத்திக்கொள்கிறது. விடுபட்ட சரக்கு மனிதர்கள். 821-இல் அயர்லாந்தின் டப்ளினுக்கு அருகிலுள்ள ஹோத்திலிருந்து பெண்கள் பெருந்தொகையாகச் சிறைபிடித்துச் செல்லப்பட்டதை அந்நாட்டின் பழைய நிகழ்ச்சிப் பதிவான அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்புகள் பதிவு செய்துள்ளன. 871-இல் ஓலாஃப், ஐவர் என்ற தலைவர்கள் இருவரும் பிரித்தானியாவிலிருந்து 200 கப்பல்களில் ஏராளமான கைதிகளோடு டப்ளினுக்குத் திரும்பிய செய்தியும் அவற்றிலேயே இருக்கிறது. எனவே "கொள்ளையரா, வணிகரா" என்ற கேள்வியே பொருந்தாது. கொள்ளை கொள்முதல், சந்தை விற்பனை; ஐந்தொகை ஒன்றுதான்.

நம்பிக்கைகளைத் தனிப் பெட்டிச் செய்தியாக ஒதுக்கியதிலும் எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் வணிகமும் வழிபாடும் ஒரே படகுத்துறையில் நிற்பதை நேரில் பார்த்து எழுதியவர் ஒருவர் இருக்கிறார். பாக்தாத் கலீஃபாவின் தூதுக்குழுவோடு சென்ற இப்னு ஃபத்லான், 922-இல் வோல்கா ஆற்றங்கரையில் 'ரூஸ்' வணிகர்களைக் கண்டார்; இவர்கள் ஸ்காண்டிநேவிய வழியினர் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. கப்பல் கரை சேர்ந்ததும் ஒவ்வொருவரும் ரொட்டி, இறைச்சி, வெங்காயம், பால், மது ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, மனித முகம் செதுக்கி நடப்பட்ட மரத்தூணின் முன் விழுந்து வணங்குகிறார்கள். இத்தனை அடிமைப் பெண்களையும் இத்தனை தோல்களையும் தொலைவிலிருந்து கொண்டுவந்திருக்கிறேன், கை நிறையக் காசுள்ள, கேட்ட விலைக்கு மறுபேச்சுப் பேசாத வணிகனை அனுப்பு என்பதே வேண்டுதல். விற்பனை மந்தமானால் காணிக்கையோடு மீண்டும் வருகிறார்கள். சுற்றியிருக்கும் சிறு உருவங்களிடமும் சிபாரிசு கேட்கிறார்கள். நன்றாக விற்றுவிட்டாலோ ஆடு மாடுகளைப் பலியிட்டு, தலைகளைக் கழிகளில் மாட்டிவிட்டுப் போகிறார்கள். இரவில் நாய்கள் வந்து தின்றுவிட, காலையில் "ஆண்டவர் என் காணிக்கையை உண்டுவிட்டார்" என்று மகிழ்கிறார்கள். இதை ஏளனத்தோடுதான் இப்னு ஃபத்லான் எழுதுகிறார் என்பது என் எண்ணம். ஆனாலும், சரக்குக்கு நல்ல விலை வேண்டிக் கும்பிடுகிறவரின் அருகே அந்தச் சரக்கே உயிரோடு உட்கார்ந்திருக்கும் காட்சியை அவருடைய எழுத்து மறைக்கவில்லை. நம் கட்டுரை மறைத்துவிட்டது. டென்மார்க்கின் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள பத்தாம் நூற்றாண்டு மாக்கல் வார்ப்பச்சு ஒன்றையும் கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்கலாம்: வைக்கிங்குகளின் இடித்தெய்வமான தோரின் சுத்தியலையும் கிறித்தவச் சிலுவையையும் ஒரே கல்லில் வார்த்த கைவினைஞர், எந்தச் சமயத்து வாடிக்கையாளரையும் திருப்பி அனுப்பவில்லை.

இறுதியாக, சுவீடனின் ஹெல்கோ தீவில் கிடைத்த சிறு வெண்கலப் புத்தரைக் காட்டி, வைக்கிங்குகள் இந்தியாவுக்கே வந்து சென்றதாகக் கட்டுரை முடிக்கிறது. அந்தச் சிலை ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டில், இன்றைய பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்குப் பகுதியில் செய்யப்பட்டதாகக் கருதப்படுகிறது. பல கைகள் மாறி வடக்கே போயிருக்க வேண்டும். அடகுக்கு வந்த நகையை எந்த ஊர்ப் பத்தர் செய்தார் என்பதை வைத்து, அதைக் கொண்டுவந்தவரின் ஊரை நாங்கள் ஒருநாளும் பதிவேட்டில் எழுதிக்கொண்டதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நகை மதிப்பீட்டாளர்,
கும்பகோணம்.